மணமகள் அறையில் பச்சைக் குழந்தை

அடுத்த மழைக்கு நம் வார்டு உதவி மையத்தில் நான் இருக்கமாட்டேன், நீங்கள்தான் இருப்பீர்கள். ஓசூரில் எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. போவதற்கு முன் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். இதெல்லாம் ரிட்டயர் ஆனவர்கள் செய்கிற காரியம். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்ல வரவில்லை.

வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை எப்படி இறைப்பது, தரைத்தொட்டியைச் சுத்தம் செய்யும்வரை யாருக்கும் அந்தத் தண்ணீரைக் கொடுக்கக்கூடாது, நிவாரணத்துக்கு யாரிடம் மனு கொடுப்பது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. பயிற்சியில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தண்ணீர் நிற்கிறவரை ஊர் முழுக்க உங்கள் பக்கம் நிற்கும். யார் யாரோ சித்ரான்னம் கிளறிக்கொண்டு வருவார்கள், போர்வை கொண்டு வருவார்கள். தண்ணீர் வடிந்ததும் ஊருக்குத் தன் வேலை ஞாபகம் வந்துவிடும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வரவேண்டும், மண்டபத்தில் கல்யாணம் நடக்கவேண்டும். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஈரம் காயாத வீட்டுக்காரர்கள் அப்போதும் நம் கையில்தான் இருப்பார்கள். நம் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு வருஷம் பொம்மனஹள்ளிக்குப் பின்னால், ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர் வடிகால் உடைத்துக்கொண்டு, ஏரியின் மழைத்தண்ணீரும் சாக்கடையும் கலந்து சந்துகளுக்குள் இடுப்பளவு ஏறியது. ஓசூர் ரோட்டோரம் மேடான இடத்தில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் ஜனங்களைத் தங்கவைத்தோம். கீழே கல்யாண ஹால், மாடியில் பந்தி போடும் ஹால். முகாம் மாடியில் இருந்தது. தண்ணீர் இறங்க இறங்கப் பலரும் வீடு திரும்பினார்கள். சுவரில் கை வைத்தால் பூச்சு பெயர்ந்து வருகிற வீட்டுக்காரர்கள் சிலர் மட்டும் மிஞ்சினார்கள்.

செல்வி அப்படி மிஞ்சியவள். தெருவில் தண்ணீர் ஏறியபோது அவள் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்திருந்தது. டிஸ்சார்ஜ் ஆன அன்று வீட்டில் கட்டில் உயரத்துக்குச் சேறு. புருஷன் கார்மெண்ட்ஸில் கட்டிங் வேலை செய்கிறவன். லீவு போட்டுச் சேறு வாரிக்கொண்டிருந்தான். பிரசவம் பார்க்கத் தங்கவயலிலிருந்து வந்த அம்மா ராஜம்மாள், மகளையும் பேத்தியையும் ஆட்டோவில் வைத்து நேராக மண்டபத்துக்கே வந்துவிட்டாள்.

தையலில் ஓரிடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. படி ஏறக்கூடாது, நனையக்கூடாது, குழந்தை குளிரில் இருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். முகாமோ மாடியில். கீழே மேடைக்குப் பின்னால் மணமகள் அறை பூட்டிக் கிடந்தது. உள்ளேயே குளியலறை, வெந்நீர், ஒரு கட்டில், தாழ்ப்பாள் உள்ள கதவு. திறக்கச் சொல்லி அவளை அங்கே படுக்கவைத்தேன். இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

அடுத்த வாரம் அங்கே ஒரு கல்யாணம் இருந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் மிச்சக் குடும்பங்களை ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம். செல்விக்காக அந்த இடத்தைப் பார்த்துவர வார்டு சுகாதாரப் பணியாளர் சவிதா அக்காவைக் கூட்டிப் போனேன். கன்னடக்காரர். நம்மோடு தமிழில்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். கழிப்பறை மைதானத்துக்கு அந்தப் பக்கம். மைதானம் முழுக்கச் சேறு. வெந்நீருக்கு வழியில்லை.

"பேடப்பா, பேடா. வேணாம். இங்க கூட்டிட்டு வந்தா நாளைக்கு இவளத் தூக்கிட்டுத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். தையல் பிரிக்கற வரைக்கும் அந்த ரூம விட்டு நகத்தாத."

அதனால் செல்வி கல்யாணத்தின்போதும் மணமகள் அறையில்தான் இருந்தாகவேண்டும். இது எனக்கு முன்கூட்டியே ஓரளவு தெரிந்திருந்தது. மண்டபத்து மேனேஜரிடம் சொல்லியும் வைத்திருந்தேன். "தொந்தரே இல்ல சார். பொண்ணு வீட்டுக்கு நான் சொல்லிட்றேன். சொல்ப அட்ஜஸ்ட் மாட்கொள்தாரே" என்றார்.

கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்வார்கள். இந்த ஊர் ஓடுவதே அந்த ஒரு வார்த்தையில்தான். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்காருவதும், பக்கத்து வீட்டு மோட்டாரில் தண்ணீர் பிடிப்பதும் அதனால்தான். நானும் இந்த ஊர்ப் பையன்தானே, அதைக் கேட்டதும் காரியம் முடிந்தது என்று நிம்மதியாகிவிட்டேன். அட்ஜஸ்ட் செய்யவேண்டியவர் காதுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவில்லை. மேனேஜர் சொல்லவே இல்லை. நேரில் பார்த்தால் அவர்களே அட்ஜஸ்ட் செய்துகொள்வார்கள் என்று நினைத்துவிட்டாராம்.

மத்தியானம் பெண்ணின் அப்பா முனுசாமி வந்தார். நீலசந்திராவில் பெயிண்டிங் மேஸ்திரி. புதுச் சட்டை, நகக்கண்ணில் மட்டும் பழைய பெயிண்ட்.

"தம்பி, ரூம் சாவி குடு. பொண்ணுக்கு ஜடை பின்ற அம்மா வந்து நிக்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே குழந்தை அழுதது.

"உள்ள யாரு?"

சொன்னேன். அவர் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ள பெத்தவளா? தீட்டு வீடு தம்பி. மாப்பிள்ள வீட்ல தெரிஞ்சா என்ன ஆவும்? சம்மந்தியம்மா ஆனேக்கல்ல பூக்கடை வச்சிருக்கு. அது வாயத் தொறந்தா மொத்த மார்க்கெட்டும் திரும்பிப் பாக்கும். நான் பொண்ணப் பெத்தவன், என்னத்தப் பேசுவேன்?"

தீட்டு. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் வேறு விதமாகத் தெரியும். என் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகு அம்மா வேலைக்குப் போன வீடுகளில் அவளுக்கென்று ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்ந்திருக்கும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். எனக்குப் படிப்பு எதற்குக் கிடைத்தது, இந்தச் சொல்லைக் கேட்டால் பதில் சொல்லத்தானே என்று பலமுறை நினைத்திருக்கிறேன். பதிலும் தயாராகவே இருந்தது. நன்றாகப் பேசுவேன்.

ஆனால் நான் நன்றாகப் பேசி முடித்த பிறகு செல்வி எங்கே படுப்பாள்?

கதவைக் கொஞ்சமாகத் திறந்து முனுசாமியைப் பார்க்கச் சொன்னேன். செல்வி வயிற்றில் கையை வைத்து அழுத்தியபடி எழுந்திருக்கப் பார்த்தாள். "நாங்க போயிட்றோம்ணே" என்றாள். கால் தரையில் படுவதற்குள் முகம் சுண்டிவிட்டது.

"நீ படும்மா, படு" என்று அவர் பின்வாங்கினார். வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் மவ வயசுதான்."

அதற்குள் மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். "வெளிய பூட்டு போட்டுர்லாம் சார். முன்னாடி ஒரு பூப்பந்தல் நிறுத்தி, பக்கத்துலயே ஸ்பீக்கர் வெச்சுட்டா யாருக்குக் கேக்கும்?"

முனுசாமி முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஆமா தம்பி. நாளைக்குக் காலைல வரைக்கும்தானே."

உள்ளேயிருந்து ராஜம்மாளின் குரல் வந்தது. "பூட்டுங்க, பூட்டுங்க. சோத்த சாவி ஓட்டைல ஊத்துவீங்களா?"

மறைத்துவிடலாம் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாளைக்கு முகூர்த்த நேரத்தில் குழந்தை அழுது, மாப்பிள்ளை வீட்டில் யாராவது ஒருவர் பந்தலை விலக்கிப் பார்த்தால், அவர் பின்னால் ஹால் முழுக்கக் கூட்டம் இருக்கும். ஏமாற்றப்பட்டோம் என்ற கோபத்தில் கூட்டத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை விட்டுவிட்டால், அப்புறம் அவரே நினைத்தாலும் இறங்கி வரமுடியாது. அந்த நிமிஷமே செல்வியை வெளியே தூக்க வேண்டியிருக்கும். இன்றைக்குச் சொன்னால் நாலு பேர்தான் எதிரில். மறுத்துவிட்டார்கள் என்றால் வேறு இடம் தேடச் சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது. சொல்வதிலும் ஆபத்து இருந்தது, மறுக்கமாட்டார்கள் என்று யார் சொன்னார்கள்? ஆனால் மறைத்து வைத்தால், ஒரு தப்பும் செய்யாத செல்வி திருட்டுத்தனமாக உள்ளே இருப்பவளாகிவிடுவாள். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"அண்ணா, நீங்க சொல்ல வேணாம். நானே சொல்றேன். பொண்ணு வீட்டுக்கே இப்பத்தான் தெரியும்னு சொல்லிட்றேன், அது நெசம்தானே. கோவம் எம்மேல போகட்டும்."

"ஏன், மறைச்சா என்ன?"

"அழாதேன்னு குழந்தைக்கு யார் போய்ச் சொல்றது?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "கல்யாணம் நின்னுச்சுன்னா உன் வீட்டு வாசல்ல வந்து ஒக்காந்துக்குவேன்" என்றார்.

"வாங்கண்ணா. மாடி வீடு, தண்ணி ஏறாது."

சிரிக்கக்கூடாது என்று பார்த்தார், முடியவில்லை.

ஆனேக்கல் வேன் வந்தபோது முதலில் இறங்கியது பூக்கூடைகள்தான். பின்னால் சம்மந்தியம்மா. பருத்த உடம்பு, பெரிய பொட்டு. கூடையைப் பிடித்தவனிடம் "தலைகீழாப் புடிச்சா மல்லி என்ன ஆவும்டா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கூடவே அவர் தம்பி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், வெள்ளை வேட்டியில். ஆரத்தி சுற்றி உள்ளே வந்து உட்காரும்வரை காத்திருந்து போய் நின்றேன். யார், என்ன ஆபரேஷன், ஏன் நகர்த்தமுடியாது, பெண் வீட்டுக்கு எப்போது தெரிந்தது, எல்லாவற்றையும் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

மாமன் எழுந்துவிட்டார். "தீட்டு இருக்கற எடத்துல தாலி கட்டறதா? அந்தப் பொண்ண வேற எங்கயாவது கொண்டுபோய் விடு. இல்ல, நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

முனுசாமி தரையைப் பார்த்தபடி நின்றார். சம்மந்தியம்மா என்னைப் பார்த்தார்.

"என்ன புள்ள?"

"பொண்ணும்மா."

"தாய்ப்பால் இருக்குதா?"

"இருக்கும்மா."

"அக்கா, நான் என்ன பேசிட்டிருக்கேன், நீ என்ன கேட்டுட்டிருக்க?"

அப்போதுதான் என் நாக்கு நுனிவரை அந்தப் பேச்சு வந்தது. அம்மாவின் டம்ளர்வரை எல்லாம் அதில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் மாமனுக்கும் எனக்கும் சண்டை ஆகியிருக்கும். சம்மந்தியம்மா தம்பி பக்கம்தானே நிற்க வேண்டியிருக்கும்? அவருக்குக் கருணை இல்லாமல் இல்லை, தாய்ப்பால் இருக்கிறதா என்று கேட்டவர் அவர். அந்தக் கருணை நடந்துவர ஒரு வழி வேண்டும், அவர் வீட்டு முறைக்குள்ளேயே. நான் வழியை அடைத்துக்கொண்டு நிற்கக்கூடாது.

"அம்மா, எனக்கு இந்த முறையெல்லாம் சரியாத் தெரியாது" என்றேன். "பிள்ள பெத்த தீட்டு யார் யாருக்கு வரும்? நீங்க சொல்லுங்க. அதுக்குத் தக்கபடி செஞ்சுட்றேன்."

"பங்காளிங்களுக்கு வரும்" என்றார். சொல்லிவிட்டு அந்த வார்த்தையைத் தானே ஒருமுறை யோசித்தார். தம்பி பக்கம் திரும்பினார். "ஏன்டா, இந்தப் பொண்ணு நமக்குப் பங்காளியா?"

"இல்ல."

"எங்க வீட்டுக்காரர் வகையறாவா?"

"எவளோ வெள்ளத்துல வந்தவக்கா."

"அப்பறம் நமக்கு ஏதுடா தீட்டு? ஊர்ல எவ பெத்தாலும் நமக்குத் தீட்டுன்னா நான் ஒருநாள்கூடக் கடை தொறக்க முடியாது."

"தொட்டா?"

"பொம்பளைங்க ரூமுக்குள்ள போயி நீ ஏன்டா தொடப்போற?"

வேனிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். மாமனின் முகம் சிவந்தது. அதைப் பார்த்த சம்மந்தியம்மா குரலைத் தணித்தார். "சரி. உன் மனசு சமாதானத்துக்கு அந்த வாசல்ல மஞ்சத்தண்ணி தெளிச்சுட்றேன். போதுமா?"

போதும் என்று அவர் தலையாட்டினார். எனக்குத்தான் உறுத்தியது. மருந்து வாசனையும் பால் வாசனையுமாக இருக்கிற ஒரு அறையின் வாசலில் மஞ்சள்தண்ணீர். ஆனால் அறை கிடைத்துவிட்டது. நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

செம்பில் மஞ்சள் கரைத்து, மாவிலை போட்டு, சம்மந்தியம்மா தானே எடுத்துக்கொண்டு போனார். பின்னால் பாதிக் கல்யாண வீடு. கதவு உள்ளேயிருந்து திறந்தது. வாசலை அடைத்துக்கொண்டு ராஜம்மாள் நின்றாள், இடுப்பில் சேலையைச் செருகியபடி.

"அங்கயே நில்லும்மா. பச்சக் குழந்த இருக்கற எடம். வெள்ளம் வந்த ஊரு இது, எந்தச் சேத்த மிதிச்சுக்கிட்டு வந்தியோ. மொதல்ல காலக் கழுவு. கைல மஞ்சத்தண்ணிதானே? அதயே ஊத்து, நல்லதுதான்."

முனுசாமி கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடியிருப்பேன், தோன்றவில்லை.

சம்மந்தியம்மா கையிலிருந்த செம்பைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். வழியில் எங்கேயோ இறங்கியிருப்பார்போல, கணுக்கால்வரை சேறு காய்ந்திருந்தது.

"எந்த ஊரும்மா நீ?"

"தங்கவயல்."

"தங்கவயல் வாயி, கேக்கவே வேணாம்" என்றார். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, மஞ்சள்தண்ணீரைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டார். மிச்சத்தை வாசலில் தெளித்தார். "இப்ப வரலாமா?"

"வா. சத்தம் போடாத, இப்பத்தான் தூங்குது."

அவ்வளவு பெரிய பெண்மணி விரல் நுனியில் நடந்து போனதை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் எதுவும் செய்யவில்லை. ஆளுயரக் கண்ணாடி அந்த அறைச் சுவரில் பதித்திருந்தது, கழற்றமுடியாது. கல்யாணப் பெண் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் அங்கேயே ஜடை பின்னிக்கொண்டாள். ஜடை பின்னுகிறவள் ஊசி கேட்டால்கூடக் கிசுகிசுப்பாகக் கேட்டாளாம். ராஜம்மாள் வாசலில் ஒரு வாளியும் குவளையும் வைத்துவிட்டாள். கழுவாமல் யாரும் தாண்டவில்லை. மறுநாள் காலையில் தாலித் தட்டை எடுக்க மாமனே வரவேண்டியதாயிற்று, தட்டு அந்த அறை அலமாரியில் இருந்தது. ராஜம்மாள் வாளியை மட்டும் காட்டினாள். பட்டு வேட்டியை மடித்துக்கட்டி அவர் ஒழுங்காகக் கழுவிக்கொண்டார். தட்டு வாசலுக்கே வந்தது.

முகூர்த்தத்தில் எனக்கு ஒரே பயம்தான். கெட்டிமேளம். வேண்டாத சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே அவ்வளவு பலமாகக் கொட்டுகிறார்கள். அறை மேடைக்கு நேர் பின்னால். தவில்காரர் வஞ்சனை இல்லாமல் வாசித்தார், தரை அதிர்ந்தது. நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன், தாலி கட்டியதைப் பார்க்கவில்லை. அறைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மேளம் நின்றது. அட்சதை விழுந்து ஓய்ந்த அந்த அமைதியில் குழந்தை வீறிட்டது.

ஹால் மொத்தமும் திரும்பியது. மாமனும் திரும்பினார்.

சம்மந்தியம்மா மேடையிலிருந்தே சொன்னார். "மேளத்த நிறுத்திட்டாங்கன்னு அழுவுது பாரு."

தவில்காரர் சிரித்துக்கொண்டே இன்னொரு உருட்டு உருட்டினார். அழுகை நின்றது. யாரோ கைதட்டினார்கள். முனுசாமி கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்து என் தோளை அழுத்தினார். 

செல்விக்குத் தையல் நன்றாக ஆறியது. சுவர் காய்ந்து, மின்சாரத்தைச் சரிபார்த்த பிறகு தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனாள். அதை நினைத்தால் இப்போதும் மூச்சு இலகுவாக வருகிறது.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். சொல்லவேண்டியவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், இன்னொருவர் சொல்லிவிடுவார் என்று விட்டுவிடாதீர்கள். கூட்டம் சேருவதற்கு முன் சொல்லுங்கள். உங்களிடம் நல்ல பேச்சு ஒன்று தயாராக இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள், அதற்கும் ஒரு இடம் உண்டு. நான் பிறகு அதே மாமனோடு பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் டம்ளரைப் பற்றிச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் மாடிக்குச் சாப்பிடப் போனதும், நான் பந்தியில் உட்காருவதற்கு முன்னால், அந்த அறைப் பக்கம் போயிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு கை குழந்தையின் மேல். கால்மாட்டில் கல்யாணப் பெண் விட்டுப்போன ஒரு முழம் மல்லி. இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று ஒரு அடி வைத்தேன்.

"தம்பி" என்றாள் ராஜம்மாள், தாழ்ந்த குரலில். "கால்?"

திரும்பிப் போய், வாளியில் குவளையை முக்கி, காலைக் கழுவிக்கொண்டு வந்தேன்.